நற்பெயர் யார் கணக்கில்? போனி எம் பாடகிகள் பற்றி

டிஸ்கோவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வகுப்புத் தோழன் ஒருவன், "அதெல்லாம் செத்து இருபது வருஷம் கழிச்சுத்தானே நீயே பொறந்த?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் 2021இல் 'ரஸ்புடின்' பாட்டின் மறுகலவை ஒன்று வந்து எல்லார் கைப்பேசியிலும் ஓடியபோது, கையைக் கட்டிக்கொண்டு காலை உதறி ஆடி ரீல்ஸ் போட்டதும் இதே தோழன்தான். தம்பி, அது 1978ஆம் வருடத்துப் பாட்டு. பாடியது போனி எம். :-)

பாடியது போனி எம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். யார் அந்தப் போனி எம்? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் படிப்பது வணிகவியல். எங்கள் கணக்குப்பதிவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு தலைப்பு உண்டு. கடைக்குக் கட்டடம், சரக்கு, கல்லாவில் பணம் எல்லாம் இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே, அந்தக் கடையின் பெயரைக் கேட்டதுமே வாடிக்கையாளர் தேடி வருகிறாரே, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதுதான் நற்பெயர். தொட்டுப் பார்க்க முடியாத சொத்து. கூட்டாண்மை நிறுவனத்திலிருந்து ஒரு கூட்டாளி விலகினால், நற்பெயரில் அவருக்குரிய பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரைச் சம்பாதித்ததில் அவர் உழைப்பும் இருக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் அதே கடையில் பத்து வருடம் உழைத்த ஊழியர் வேலையை விட்டால், வரவேண்டிய சம்பள பாக்கியோடு கிளம்ப வேண்டியதுதான். பெயர் முதலாளிக்கு.

இந்தப் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூன்று பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மேஸி வில்லியம்ஸ். போனி எம் படங்களில் எப்போதும் தெரியும் நான்கு முகங்களில் மூன்று இவர்களுடையவை. நான்காவது, சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு ஆடும் பாபி ஃபாரெல்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். முதலில் குழுவே கிடையாது. ஃபிராங்க் ஃபாரியன் என்று ஒரு ஜெர்மானியர். இயற்பெயர் ஃபிரான்ஸ் ராய்தர். 1941இல் பிறந்தவர், சமையல் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர், பிறகு ஜெர்மன் மொழியில் மெல்லிசைப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தவர். அவர் ஒரு நடனப் பாட்டைத் தானே பதிவு செய்தார். கனமான அடிக்குரலும் அவரே, பெண் குரல் போன்ற உச்சக் குரலும் அவரே. தன் பெயரில் போட்டால் எடுபடாது என்று ஒரு புதுப்பெயர் தேடினார். அப்போது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரின் நாயகன் பெயர் போனி. அதோடு ஓர் 'எம்' சேர்த்தார். முடிந்தது. 1975இல் அந்தத் தட்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஓட ஆரம்பித்தது. தொலைக்காட்சியிலும் நடன அரங்குகளிலும் "குழுவை அனுப்புங்கள்" என்று கேட்டார்கள்.

குழு எங்கே இருக்கிறது, அனுப்புவதற்கு?

ஆக, முதலில் பெயர் வந்தது, அடுத்து பாட்டு வந்தது, கடைசியாகத்தான் ஆட்கள் வந்தார்கள். இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாச் சண்டைக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

முதலில் வந்தவர் மேஸி வில்லியம்ஸ். கரீபியன் கடலில் இருக்கும் மொன்செராட் தீவில் பிறந்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் வளர்ந்தவர். மாடலிங் செய்துகொண்டிருந்தார். அருபாத் தீவைச் சேர்ந்த பாபி ஃபாரெல் ஆடுவதற்காக வந்தார். கிளாடியா பாரி என்ற பாடகி சில காலம் இருந்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் 1976 தொடக்கத்தில் விலகினார். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த மார்சியா பாரெட் வந்தார். காலியான இடத்துக்கு இன்னொரு ஜமைக்காப் பெண்ணான லிஸ் மிட்செல் வந்தார். லிஸ் அதற்கு முன்பே ஜெர்மனியில் 'ஹேர்' இசை நாடகத்தில் நடித்தவர், லெஸ் ஹம்ஃப்ரீஸ் பாடகர் குழுவில் பாடியவர். அவரைக் குழுவுக்குப் பரிந்துரைத்ததே மார்சியாதான் என்று சொல்வார்கள். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்தத் தகவல் கொஞ்சம் உறுத்தும்.

1976 செப்டம்பரில் 'மியூசிக்லாடன்' என்ற ஜெர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நால்வரும் 'டாடி கூல்' பாட்டுக்கு ஆடினார்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. 1977இல் 'மா பேக்கர்', 'பெல்ஃபாஸ்ட்'. 1978இல் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', 'ரஸ்புடின்', 'மேரிஸ் பாய் சைல்டு'. பிரிட்டனில் மட்டும் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' ஏறக்குறைய 20 லட்சம் தட்டுகள் விற்றது. அதே வருடக் கிறிஸ்துமஸுக்கு வந்த 'மேரிஸ் பாய் சைல்டு' 18 லட்சத்தைத் தாண்டியது. ஒரே வருடத்தில், ஒரே குழுவுக்கு! 1978 டிசம்பரில் பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மாஸ்கோவுக்குப் போய்க் கச்சேரி செய்தார்கள். ஆனால் அங்கே 'ரஸ்புடின்' மட்டும் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். :-)

சரி, இந்தத் தட்டுகளில் பாடியது யார்?

ஆண் குரல் பாபியுடையது அல்ல. ஃபாரியனுடையது. பெண் குரல்கள் லிஸ், மார்சியா இருவருடையவை. கூடவே கூடத்துக்கு வந்த துணைக்குரல் பாடகிகள். மேஸியின் குரல் தட்டில் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பாட வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். இரண்டு மூன்று பேரை வைத்து ஒரு தேவாலயப் பாடகர் குழுவையே உண்டாக்கலாம். போனி எம் பாட்டுகளில் கேட்கும் அந்தப் பெரிய கூட்டுக்குரல் அப்படி வந்ததுதான். 1978லேயே ஃபாரியன் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அப்போது பெரிய கலவரம் எதுவும் வெடிக்கவில்லை. தட்டுகள் தொடர்ந்து விற்றன.

எங்கள் அப்பா 80களில் பாரிமுனை பர்மா பஜாரில் வாங்கிய போனி எம் கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. டேப் எப்போதோ சிக்கிப் போய்விட்டது, அட்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது. நால்வர் படம், பாட்டுப் பட்டியல், அவ்வளவுதான். யார் எதைப் பாடினார்கள் என்று ஒரு எழுத்து கிடையாது. அந்த ஆண் குரல் பாபியுடையது இல்லை என்று போன வருடம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பாட்டு மாறிடலையேம்மா" என்றார். கேட்பவர்களுக்கு அது போதும். ஆனால் பாடியவர்களுக்கு?

இந்த இடத்தில் நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்று தோன்றும். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது நமக்கு ஒரு விஷயமே இல்லையே! பின்னணிப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திரையில் நடிகை உதடசைப்பார், பாடியவர் பெயர் எழுத்து போடும்போது வரும், கேசட் அட்டையிலும் இருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்ததில்லை. 1949இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டை லதா மங்கேஷ்கர் பாடினார். இசைத்தட்டில் போட்டிருந்த பெயரோ 'காமினி'. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! வானொலியில் கேட்டவர்கள் யார் பாடியது என்று விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் லதாவின் பெயர் வெளியே வந்தது. ஆக, உதடசைப்பது குற்றமில்லை. பாடியவரின் பெயரை மறைப்பதுதான் குற்றம் என்பது என் கட்சி.

இப்போது மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

லிஸ் மிட்செலின் குரல்தான் போனி எம்மின் அடையாளக் குரல். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', 'சன்னி', 'பிரவுன் கேர்ள் இன் தி ரிங்' எல்லாவற்றிலும் முன்னால் கேட்பது அவர்தான். இந்தக் கடைசிப் பாட்டு ஜமைக்காவில் குழந்தைகள் வட்டமாக நின்று பாடும் விளையாட்டுப் பாட்டு. போனி எம் பாடுவதற்கு முன்பே, 1975இல், மால்கம்ஸ் லாக்ஸ் என்ற குழுவோடு லிஸ் அதைப் பதிவு செய்திருந்தார். அதாவது போனி எம்முக்குள் அவர் வெறும் குரலோடு வரவில்லை. தான் பிறந்த மண்ணின் பாட்டையும் கையோடு கொண்டுவந்தார்.

இங்கே வணிகவியல் மாணவிக்கு ஒரு சின்னக் குறுக்கீடு அனுமதி. ஒரு பாட்டு விற்றால் பணம் ஒரே குழாயில் வருவதில்லை. பாட்டை எழுதி இசையமைத்தவருக்கு ஒரு வழி, பதிவின் உரிமையாளருக்கு ஒரு வழி, பாடியவருக்கு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அது. பழைய நாட்டுப்பாட்டுக்கு எழுதியவர் என்று யாரும் இல்லை என்பதால், அதைப் புதிதாக அமைத்தவர் பெயர் அந்த இடத்தில் வரும். 'பிரவுன் கேர்ள்' தட்டில் மரபுப் பாட்டு என்பதோடு ஃபாரியன் பெயர் இருக்கிறது. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவைச் சேர்ந்த பிரென்ட் டோவும் டிரெவர் மெக்நாட்டனும் உருவாக்கியது. போனி எம் தட்டில் அவர்களோடு ஃபாரியன் பெயரும் 'ரேயம்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டன. ரேயம் என்பது ஹான்ஸ் யோர்க் மாயர் என்பவர் தன் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுக்கொண்ட புனைபெயர். எழுதியவர் பட்டியலில் இடம் பிடித்தவருக்குப் பாட்டு எங்கே ஒலித்தாலும் ஒரு பங்கு உண்டு. ஜமைக்காவிலிருந்து அந்தப் பாட்டுகளை உயிரோடு சுமந்து வந்த குரல் அந்தப் பட்டியலில் இல்லை.

இருந்தாலும் மூவரில் பெயரோடு நெருக்கமாக இருக்க முடிந்தவர் லிஸ்தான். 1986இல் குழு முடிவுக்கு வந்தது. 1988இல் அவர் வெளியிட்ட தனித் தொகுப்பின் பெயர் 'நோ ஒன் வில் ஃபோர்ஸ் யூ'. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்று அர்த்தம். பத்து வருடம் இன்னொருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவர் தன் சொந்தத் தொகுப்புக்கு வைத்த பெயர் என்று நினைத்துப் பார்த்தால் அந்தத் தலைப்பு வேறு மாதிரித் தெரிகிறது. பிறகு 'போனி எம், லிஸ் மிட்செலுடன்' என்ற பெயரில் உலகம் முழுக்கக் கச்சேரிகள் செய்தார். ஃபாரியனின் ஒப்புதலும் அவருக்கு இருந்தது.

மார்சியா பாரெட்டின் கதை வேறு. லிஸ்ஸைப் போலவே அவரும் தட்டுகளில் பாடியவர். 'பெல்ஃபாஸ்ட்' முழுக்க அவர் பாட்டு. டிராஃபி டாய்ச்சர் எழுதி, போனி எம்முக்கு முன்பே மார்சியா மேடையில் பாடிக்கொண்டிருந்தது. அது ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. கேட்டுப் பாருங்கள். லிஸ்ஸின் குரலில் ஒரு பிரார்த்தனை இருக்கும். மார்சியாவின் குரலில் ஒரு கோபம் இருக்கும். ஆனால் தேவாலயச் சாயல் பாட்டுகள் பெரிதாக ஓட ஓட, முன்குரல் லிஸ்ஸுக்கே போனது. மார்சியா கூட்டுக்குரலுக்குள் கரைந்தார். விற்பனைக் கணக்கில் பார்த்தால் எந்தச் சரக்கு ஓடுகிறதோ அதைத்தான் கடைக்காரர் முன்னால் வைப்பார். சரக்கு என்பது ஒரு மனுஷி என்றால் மட்டும் இந்தக் கணக்கு உறுத்துகிறது.

குழு கலைந்த பிறகு அவருக்கு வந்த சோதனை இன்னும் பெரியது. 1994இல் கருப்பைச் சினையகப் புற்றுநோய். அதோடு விடவில்லை, பிறகும் பல முறை வெவ்வேறு இடங்களில் வந்தது. ஒவ்வொரு முறையும் மீண்டு வந்து பாடினார். 1999இல் அவர் வெளியிட்ட தனித் தொகுப்பின் பெயர் 'சர்வைவல்'. பொருத்தமான பெயர். 2018இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். போனி எம்மோடும் போனி எம் இல்லாமலும் தன் வாழ்க்கை என்பதுதான் அதன் துணைத்தலைப்பு. இல்லாத காலத்தைச் சொல்லும்போதும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது மேஸி. இவரைப் பற்றித்தான் எங்களுக்குள் பெரிய விவாதமே. "பாடாத ஆளுக்கு என்ன உரிமை? சும்மா நின்னுட்டுப் போனாங்க" என்றான் முதல் பத்தியில் வந்த அதே தோழன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். 1975இல் தட்டு மட்டும் இருந்தது, குழு இல்லை. தட்டால் மேடை ஏற முடியாது. தொலைக்காட்சியில் வர முடியாது. அந்தப் பெயருக்கு முதன்முதலில் உடம்பு கொடுத்தவர்களில் ஒருவர் மேஸி. நால்வரில் மற்ற மூவரும் வருவதற்கு முன்பே வந்தவர் அவர். பத்து வருடம், ஊர் ஊராக, அந்தப் பளபள உடையில், அந்த உயரக் குதிகாலில் நின்று ஆடியவர். மேடையில் நேரடிக் கச்சேரிகளில் பாடவும் செய்தார். தட்டுக்குத்தான் அவர் குரல் தேவையில்லை என்று ஃபாரியன் முடிவு செய்தார். வேண்டாம் என்று முடிவு செய்தது ஒருவர், அதற்கான பழியைச் சுமந்தது இன்னொருவர். "பாடாதவள்" என்ற பட்டத்தோடு ஒரு பாடகி வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

மேஸி தன் பெயரோடு போனி எம் என்பதைச் சேர்த்துக்கொண்டு சொந்தக் குழுவோடு சுற்றினார். 2006இல் 'கால் அபான் ஜீசஸ்' என்ற பக்திப் பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதில் அவர் குரல்தான். 2007இல் லாட்வியா நாட்டின் மெலோ எம் என்ற செல்லோ இசைக்குழுவோடு சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். என்ன பாட்டு தெரியுமா? 'டாடி கூல்'. தொலைக்காட்சியில் அதற்கு உதடசைத்து 31 வருடம் கழித்து. இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்குக் காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

ஆக 1986க்குப் பிறகு என்ன நடந்தது என்றால், ஒரே பெயரில் பல போனி எம்கள். லிஸ்ஸின் போனி எம், மேஸியின் போனி எம், பாபியின் போனி எம்... 1989இல் மார்சியா, மேஸி, பாபி ஆகியோர் லிஸ் இல்லாமல் ஒரு புதுத் தட்டைப் போனி எம் பெயரில் வெளியிட்டார்கள். ஃபாரியன் அதை எதிர்த்து, லிஸ்ஸை வைத்து இன்னொரு போனி எம் தட்டைக் கொண்டுவந்தார். ஒரே கூட்டில் இருந்த பெண்கள் எதிரெதிர் பக்கம் நிற்க வேண்டிய நிலைமை. இதில் யாரைக் குறை சொல்வது? ரசிகர்கள் காசு கொடுப்பது அந்த இரண்டு சொல்லுக்குத்தான். 'மார்சியா பாரெட் கச்சேரி' என்று சுவரொட்டி ஒட்டினால் வருகிற கூட்டம் வேறு, 'போனி எம்' என்று ஒட்டினால் வருகிற கூட்டம் வேறு. அந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் நற்பெயர். எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் உதாரணங்களைவிட இது நன்றாகவே புரிகிறது.

பார்ப்பவர்களுக்கு அது நால்வர் சேர்ந்த கூட்டாண்மை. உள்ளே அது ஒருவரின் தனியாள் வணிகம். கூட்டாளிகள் போலத் தெரிந்தவர்கள் ஊழியர்களாக விலகினார்கள். இவ்வளவுதான் விஷயம்.

ஃபாரியனை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அந்த ஒலியைக் கற்பனை செய்தவர் அவர். துனிசிய நாட்டுப்பாட்டு ஒன்றிலிருந்து 'மா பேக்கர்' செய்யத் தெரிந்த மனிதர் சாதாரண ஆளில்லை. அடிக்குரலில் பாடியவரும் அவரே. ஆனால் அதே வித்தையை அவர் மறுபடியும் செய்தபோது என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். மில்லி வனில்லி. பாடாத இரண்டு இளைஞர்களை முன்னால் நிறுத்தினார். 1990 பிப்ரவரியில் அவர்களுக்கு கிராமி விருது கிடைத்தது. நவம்பரில் உண்மை வெளியாகி விருது பறிக்கப்பட்டது. உலகமே சிரித்தது அந்த இரண்டு இளைஞர்களைப் பார்த்துத்தான். அவர்களில் ராப் பிலாட்டஸ் 1998இல் இறந்துபோனார். திட்டம் போட்டவருக்குத் தொழில் தொடர்ந்தது. போனி எம் பாட்டுகளை வைத்து அவர் தயாரித்த 'டாடி கூல்' இசை நாடகம் 2006இல் லண்டனில் அரங்கேறியது. 2024 ஜனவரியில் ஃபாரியன் இறந்தார்.

இது போனி எம்மின் தனிக்கதை என்றும் நினைக்க வேண்டாம். மார்த்தா வாஷ் என்று ஓர் அமெரிக்கப் பாடகி. டிஸ்கோ காலத்தில் சில்வெஸ்டருக்குத் துணைக்குரல் பாடியவர். 1982இல் வந்த 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாட்டைப் பாடிய வெதர் கேர்ள்ஸ் இரட்டையரில் ஒருவர். பருமனான பெண். 1990இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் பாட்டுகளை இவர் பாட, காணொளியில் உதடசைத்தது ஒல்லியான ஒரு மாடல். அதே வருடம் சி அண்டு சி மியூசிக் ஃபேக்டரியின் பெரிய நடனப் பாட்டிலும் குரல் இவருடையது, திரையில் வேறு பெண். மார்த்தா சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார். சமரசத்தில் நஷ்டஈடும் கிடைத்தது, ஆர்சிஏ நிறுவனத்தில் சொந்தமாகப் பாட ஒப்பந்தமும் கிடைத்தது. பாடியவர் பெயரைத் தட்டிலும் காணொளியிலும் போட்டாக வேண்டும் என்ற நிலை அமெரிக்காவில் வந்ததற்கு அவருடைய வழக்குகள் பெரிய காரணம். ஒரு பாடகி நீதிமன்றப் படி ஏறியதால் அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குப் பெயர் கிடைத்தது.

போனி எம் பெண்களுக்கு அந்த வாய்ப்பு பத்து வருடம் முன்னால் இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அக்கறையாகப் படித்தேன் என்றால், என் சிநேகிதி ஒருத்தி வார இறுதிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறாள். கல்யாணம், கோயில் கொடை என்று மாதத்தில் ஆறேழு நிகழ்ச்சி. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். கல்லூரிக் கட்டணத்தில் பாதி அதிலிருந்துதான். குழுவின் பெயர் உரிமையாளர் பெயர், பேனரில் இருப்பது அவர் படம். போன மாதம் ஒருநாள் மெஸ்ஸில் உட்கார்ந்து லிஸ், மார்சியா, மேஸி கதையை அவளுக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் நின்னுட்டா அடுத்த வாரமே வேற பொண்ணு அதே பாட்டைப் பாடும்டி. ஜனங்களுக்கு வித்தியாசம்கூடத் தெரியாது" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்பதுபோல் சொன்னாள்.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான். காசைக் கூட்டிக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு மேடையிலும் உன் பெயரைச் சொல்லச் சொல். கைப்பேசியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிறார்களே, அதன் கீழே பாடியவர் என்று உன் பெயரைப் போடச் சொல். முடிந்தால் எழுதி வாங்கு. காசு அன்றிரவே செலவாகிவிடும். பெயர் மட்டும்தான் குழுவை விட்டு வரும்போது கூடவே வரும்.

பாபி ஃபாரெல் 2010 டிசம்பர் 30 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கச்சேரிக்குப் போன இடத்தில் இறந்துபோனார். 1916இல் அதே டிசம்பர் 30 அன்று, அதே ஊரில்தான் ரஸ்புடின் கொல்லப்பட்டார் என்பதை எல்லாரும் ஆச்சரியமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கடைசிப் பயணத்திலும் அவரைக் கூட்டிப் போனது அந்தப் பெயர்தான். அவர் பாடாத பாட்டுகளின் பெயர்.

அடுத்த முறை எங்காவது 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' கேட்டால், "இதுதான் போனி எம்" என்பதற்குப் பதிலாக, "இது லிஸ் மிட்செல், கூடக் கேட்குது பாரு, அது மார்சியா பாரெட்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அந்த மேடையில் மேஸி வில்லியம்ஸும் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்தொகையில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்கள் அவர்கள்தான்.